எண்ணெய் ஃபர்னஸ்: ரிலே ‘டக்’ என்கிறது, ஆனால் பர்னர் ஓடுவதில்லை

வடதிசை எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டைச் சூடேற்றும் எண்ணெய் ஃபர்னஸில் கொஞ்ச காலமாக ஒரு கோளாறு வருவதும் போவதுமாக இருக்கிறது. அது வெப்பக்காற்று வகையைச் சேர்ந்தது. பர்னரின் மேல் ஒரு சாம்பல் நிறக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், அதன் முகப்பில் சிவப்பு ரீசெட் பொத்தானும் இருக்கின்றன. வீட்டு மின்னிணைப்பு 120 வோல்ட். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கும்போது பெட்டிக்குள் ‘டக்’ என்று ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) விழும் ஒலி தெளிவாகக் கேட்கிறது. ஆனால் சில வேளைகளில் மோட்டார் அசைவதே இல்லை. முக்கால் நிமிடம் கழிந்ததும் பாதுகாப்புப் பூட்டு விழுந்துவிடுகிறது. ரீசெட் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த முயற்சிக்கு வழி. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் பெட்டியின் பக்கவாட்டில் இலேசாகத் தட்டினால் பெரும்பாலும் மோட்டார் உடனே ஓடத் தொடங்கி, தீயும் பற்றி, சுற்று முழுவதும் குறையின்றி நடக்கிறது.

தொட்டியில் எண்ணெய் இருக்கிறது. வடிகட்டியும் எண்ணெயைத் தெளிக்கும் நாசிலும் குளிர்காலம் தொடங்குமுன் மாற்றப்பட்டன. இந்த ஆண்டு புதிதாகச் செய்தது ஒன்றுதான்: பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வைஃபை வசதியுள்ள ஒன்றை மாட்டினேன். பெட்டியையே மாற்றிவிடுமாறு ஒருவர் சொல்கிறார். பழுது பெட்டியில்தான் என்று உறுதியாகத் தெரியாமல் மாற்ற மனம் வரவில்லை. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரியும். எதை, எந்த வரிசையில் அளக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையபட்டறை எழுதியது:

நண்பரே, உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: மோட்டார் ஓடாத அந்த முக்கால் நிமிடத்தில், பற்றவைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய இரைச்சலாவது கேட்கிறதா? அல்லது பர்னர் முழு மௌனமாக இருக்கிறதா? மோட்டார் மட்டும் நின்று இரைச்சல் கேட்டால் சந்தேகம் மோட்டாரின் மேல் போகும். அதன் உள் வெப்பப் பாதுகாப்பு, கெபாசிட்டர், இறுகிப்போன பம்ப் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இரண்டுமே மௌனம் என்றால், இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் கொடுக்கும் இடத்தில்தான் குறை.

இப்போது பெட்டியின் உள்வேலையைச் சொல்கிறேன், ஏனெனில் அது விளங்காமல் மீட்டரை வைத்தால் எண்கள் மட்டுமே மிஞ்சும். பழைய தலைமுறைப் பெட்டிகளில் மூன்று கம்பிகள் வெளியே வரும். கறுப்பு, லிமிட் சுவிட்ச் (ஃபர்னஸ் மிகையாகச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிப்பது) வழியாக வரும் 120 வோல்ட். வெள்ளை, நியூட்ரல். ஆரஞ்சு, மோட்டாருக்கும் பற்றவைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்ந்து போவது. ரிலே விழும்போது அதன் காண்டாக்ட் (ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள்) கறுப்பையும் ஆரஞ்சையும் இணைக்கிறது. பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டைச் சுமார் 24 வோல்ட்டாகக் குறைத்து, தெர்மோஸ்டாட்டுக்கான டி–டி முனைகளுக்கும் ரிலேயின் சுருளுக்கும் கொடுக்கிறது. எஃப்–எஃப் என்று குறித்த மற்ற இரு முனைகளில் தீயைப் பார்க்கும் கேட் செல் இணைந்திருக்கும். அது காட்மியம் சல்ஃபைடு பூசிய ஒளியுணரி. இருட்டில் அதன் மின்தடை மிக அதிகம், தீயின் ஒளி பட்டால் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும்.

ரிலே விழுந்தவுடனே பாதுகாப்பு சுவிட்ச்சின் சிறு ஹீட்டரிலும் மின்னோட்டம் தொடங்குகிறது. குறித்த நேரத்துக்குள் கேட் செல் தீயைக் கண்டால் அந்த ஹீட்டர் சுற்றிலிருந்து விலக்கப்படும். காணாவிட்டால் அதன் சூட்டில் இருவுலோகப் பட்டை வளைந்து சுற்றை வெட்டிவிடும். ஹனிவெல் ஆர் 8184 ஜி போன்ற பரவலான பெட்டிகளில் இந்த நேரம் பெரும்பாலும் 45 நொடி, சில வகைகளில் இன்னும் குறைவு. உங்கள் பர்னர் ஓடாமலேயே முக்கால் நிமிடத்தில் பூட்டு விழுகிறது என்றால், உள் டிரான்ஸ்ஃபார்மர், தெர்மோஸ்டாட் வழி, ரிலேச் சுருள், பாதுகாப்பு ஹீட்டர் ஆகிய நான்கும் அந்த நேரத்தில் வேலை செய்தன என்பது உறுதி. கேட் செல்லும் தொடக்கத்தில் இருட்டைத்தான் காட்டியிருக்கிறது. அது பழுதாகித் தீ இருப்பதுபோல் காட்டியிருந்தால் ரிலே விழுந்திருக்கவே செய்யாது. ஆகவே 24 வோல்ட் பக்கத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, 120 வோல்ட் பக்கத்தில் காண்டாக்ட்டிலிருந்து தொடங்குவதே முறை.

பிரேக்கரை அணைத்து, பெட்டியைத் திருகுகளிலிருந்து விடுவித்துச் சற்றே தூக்கி, மூன்று கம்பிகளின் இணைப்பு மூடிகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் முனைகளைக் கவ்விகளால் மாட்டிய பின்னரே மின்சாரத்தை விடுங்கள். மின்சாரம் இருக்கும்போது கையில் முனைகளைப் பிடித்துக்கொண்டு குடைய வேண்டாம். முதலில் கறுப்பு–வெள்ளை: 102 முதல் 132 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து, கோளாறு நேரும் தருணத்தில் ஆரஞ்சு–வெள்ளை. மூன்றாவதாக, பலரும் அளக்காமல் விட்டுவிடுகிற ஒன்று: பர்னர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது கறுப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். மூடிய காண்டாக்ட்டின் இரு பக்கமும் ஒரே புள்ளிபோல் இருக்க வேண்டும். அங்கே பூஜ்யத்தை ஒட்டிய அளவுதான் வர வேண்டும்.

நீலச்சுடர் எழுதியது:

பழையபட்டறை அண்ணா சொன்ன வரிசையோடு, ரீசெட் பொத்தானைப் பற்றி நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும்; இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்கும் இது பயன்படும். வடதிசை அவர்களின் வீட்டில் மோட்டார் ஓடாமல் பூட்டு விழுகிறது, ஆகவே எரியறைக்குள் எண்ணெய் போகவில்லை. மோட்டார் ஓடியும் தீ பற்றாமல் பூட்டு விழுந்தால் நிலைமையே வேறு. மணிக்கு 0.75 கேலன் அளவுள்ள நாசில், 45 நொடி முயற்சி ஒன்றில் ஏறக்குறைய 35 மில்லிலிட்டர் எண்ணெயைத் தெளித்துவிடும். வீடு குளிர்கிறதே என்ற பதைப்பில் பொத்தானைப் பத்து முறை அழுத்தியவரின் எரியறையில் மூன்றில் ஒரு லிட்டருக்கும் மேல் எண்ணெய் ஊறி நிற்கும். பதினோராம் முறை தீ பற்றும்போது அது மொத்தமும் ஒன்றாக எரியத் தொடங்கும். கதவு தெறிப்பதும், புகைக்குழாய் கழன்று வீடு முழுவதும் கரி படிவதும் இப்படித்தான் நேர்கின்றன.

ஒரு முறை அழுத்தலாம். அதற்கும் பற்றவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு, எரியறையைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டும். பிந்தைய மின்னணுப் பெட்டிகளில் தொடர்ந்து மூன்று பூட்டுகள் விழுந்தால் சாதாரண அழுத்தலுக்கு இணங்காத கடும் பூட்டு விழும்படி அமைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து அதை விடுவிக்கும் வழி தொழில்நுட்பப் பணியாளருக்கானது. குளிரில் தவிக்கும் வீட்டுக்காரருக்கானதன்று. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதையும் இன்றே சோதித்துவிடுங்கள்.

வடதிசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. அளந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்.

கோளாறு நேரும்போது பர்னர் முழு மௌனம். டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலும் இல்லை. கறுப்பு–வெள்ளை எப்போதும் 121 வோல்ட். ‘டக்’ ஒலி கேட்டும் மோட்டார் ஓடாத தருணத்தில் ஆரஞ்சு–வெள்ளை 2 வோல்ட்டுக்கும் குறைவு, கறுப்பு–ஆரஞ்சு 119. பெட்டியைத் தட்டியதும் ஆரஞ்சு–வெள்ளை 115-க்கு ஏறி மோட்டார் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போது கறுப்பு–ஆரஞ்சு 6 வோல்ட் காட்டுகிறது. அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் நான்குக்கும் எட்டுக்கும் இடையில் அலைகிறது.

தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு அதன் இரு கம்பிகளையும் டி–டி முனைகளிலிருந்து கழற்றி, அவற்றுக்குப் பதிலாக ஒரு ஜம்பர் கம்பியை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் சில முறை ‘டக்’ ஒலியோடு நின்றுவிட்டது. எனவே தெர்மோஸ்டாட் குற்றமற்றது என்றே எண்ணுகிறேன். இன்னொன்றையும் கவனித்தேன். ஜம்பர் இல்லாமல், தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் டி–டி முனைகளில் 26 வோல்ட் வருகிறது. தெர்மோஸ்டாட்டை மாட்டி, அது வெப்பம் கேட்காமல் இருக்கும் நிலையில் அதே இடத்தில் 19 வோல்ட்தான் வருகிறது. காதைப் பெட்டியின் அருகில் வைத்தால் அவ்வப்போது ‘டிர்ர்’ என்று ஈ சிறகடிப்பதுபோல் ஓர் ஒலி வருகிறது. இதற்குப் பொருள் உண்டா?

பழையபட்டறை எழுதியது:

பொருள் உண்டு. ஆனால் முதல் அளவீட்டை முதலில் முடித்துவிடுவோம்.

சுருள் இழுத்துவிட்டது, காண்டாக்ட் மட்டும் சேரவில்லை. 119 வோல்ட் அதன் குறுக்கே நிற்கிறது. தட்டினால் சேர்கிறது. சேர்ந்த பின்னும் 6 வோல்ட் அங்கேயே தங்கிவிடுகிறது. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து இரண்டரை ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு கடுகளவு உலோக முனையில் 15 வாட் வெப்பம் தங்குகிறது. அந்தச் சூடு முனையை மேலும் கருக்கும். கருகிய முனை மேலும் சூடாகும். இது தானாகச் சரியாகும் பழுதன்று. இப்படிக் கருகும் காண்டாக்ட்டுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்று, ஒரு நாள் சேராமலே போய்விடும். மற்றது, உருகி ஒட்டிக்கொண்டு பிரியாமல் போய்விடும். இரண்டாவதில் தெர்மோஸ்டாட் நிறுத்தச் சொன்ன பிறகும் பர்னர் எரிந்துகொண்டே இருக்கும். லிமிட் சுவிட்ச் ஒன்றுதான் அப்போது குறுக்கே நிற்கும். ஆகவே முதல்வகைப் பழுது என்றாலும் தள்ளிப்போட வேண்டாம்.

பெட்டியைத் தீர்ப்பிடுவதற்கு முன் ஓர் ஐயத்தை மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள். கறுப்பு, ஆரஞ்சு அளவை இணைப்பு மூடிகளுக்கு வெளிப்புறத்தில் எடுத்தீர்களா, பெட்டியிலிருந்து வரும் கம்பியிலேயே எடுத்தீர்களா? முறுக்குத் தளர்ந்த மூடி ஒன்று இதே 6 வோல்ட்டைக் காட்டும். தட்டும் அதிர்வில் அதுவும் சேர்ந்துகொள்ளும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு மூடியையும் கழற்றி, செம்பு கருத்திருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்து, கருத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்கிய பின் மீண்டும் அளந்துபாருங்கள். நல்ல பெட்டிகள் பலவும் ஒரு தளர்ந்த மூடிக்காகத்தான் தூக்கி எறியப்படுகின்றன.

கம்பிவழி எழுதியது:

வடதிசை அவர்களே, உங்கள் ‘டிர்ர்’ ஒலிக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காண்டாக்ட் ஏன் கருகியது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய தெர்மோஸ்டாட்டுகள் வெறும் சுவிட்ச்சுகள். வைஃபை தெர்மோஸ்டாட்டுக்குத் திரையும் ரேடியோவும் இருப்பதால் அதற்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். அதற்கென்று மூன்றாவதாக ஒரு பொதுக் கம்பி வந்தால் தொல்லை இல்லை. சுவரில் இரண்டே கம்பிகள் இருந்தால், சில வகைத் தெர்மோஸ்டாட்டுகள் வெப்பம் கேட்காத நேரத்திலும் அந்த இரு கம்பிகளின் வழியாகவே சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துத் தம் மின்கலத்தை நிரப்பிக்கொள்ளும். அந்த மின்னோட்டம் போகும் வழியில் உங்கள் ரிலேயின் சுருள் இருக்கிறது. 26 வோல்ட் 19-ஆக இறங்குவது அதனால்தான். இழுக்கும் மின்னோட்டம் ஏறும்போது சுருள் பாதி விழிப்பு நிலைக்கு வருகிறது. முழுமையாக இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ரிலேயின் அசையும் பகுதியான ஆர்மேச்சர் துடிக்கிறது. அந்தத் துடிப்பில் காண்டாக்ட் தொட்டுத் தொட்டு விலகும்போதெல்லாம் மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தை வெட்டிப் பொறி பறக்கிறது. ஓடும் மின்னோட்டத்தைவிடத் தொடக்க மின்னோட்டம் பல மடங்கு. பல ஆண்டு தாங்க வேண்டிய முனை ஒரே பருவத்தில் தேய்வதற்கு இது போதும்.

ஆகவே, ஜம்பர் மாட்டியபோதும் கோளாறு வந்தது என்பதால் தெர்மோஸ்டாட் குற்றமற்றது என்று நீங்கள் முடிவு செய்ததை நான் ஏற்கவில்லை. இன்றைய கோளாறு காண்டாக்ட்டில் இருக்கிறது என்பதைத்தான் ஜம்பர் சோதனை காட்டுகிறது. அதைக் கருக்கியது யார் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. தெர்மோஸ்டாட்டை அப்படியே விட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் புதுப் பெட்டியும் இதே வழியில் போகும்.

குளிரூட்டியும் ஃபர்னஸும் ஒரே தெர்மோஸ்டாட்டில் சேர்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. குளிரூட்டிக்குத் தனி 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். எண்ணெய்ப் பர்னர் பெட்டி தன் 24 வோல்ட்டைத் தானே உண்டாக்குகிறது. தெர்மோஸ்டாட்டில் ஆர்சி (குளிரூட்டியின் மின்சாரம்), ஆர்எச் (ஃபர்னஸின் மின்சாரம்) முனைகளை இணைக்கும் ஜம்பரை நீக்காமல் விட்டால் இரு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒன்றோடொன்று மோதும். டி–டி முனைகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வரவே கூடாது. அங்கே தேவை ஒரு சுவிட்ச் மூடுவது மட்டுமே.

புகைக்கூண்டு எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. நான் பழைய ரிலேக்களின் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து பல கருவிகளை ஓட்டியிருக்கிறேன். பெட்டியைத் திறந்து அதேபோல் செய்தால் இந்தக் குளிர்காலத்தையாவது தள்ளிவிடலாமே? இன்றிரவு வெப்பமே இல்லாமல் போகுமோ என்று அஞ்சினால், கறுப்பையும் ஆரஞ்சையும் சிறிது நேரம் நேரடியாக இணைத்து வீட்டைச் சூடேற்றிக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

பழையபட்டறை எழுதியது:

புகைக்கூண்டு ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டாவது யோசனையை யாரும் செய்துவிடக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கறுப்பையும் ஆரஞ்சையும் இணைத்தால் கேட் செல்லுக்கும் பாதுகாப்பு சுவிட்ச்சுக்கும் அங்கே வேலையே இல்லை. தீ அணைந்தாலும் பம்ப் எண்ணெயைத் தெளித்துக்கொண்டே இருக்கும். நிறுத்த எவரும் இல்லை. நீலச்சுடர் மேலே சொன்ன 35 மில்லிலிட்டர் கணக்கு 45 நொடிக்கானது. பாதுகாப்பு இல்லாத பர்னர் ஒரு மணி நேரத்தில் அந்த 0.75 கேலனையும், அதாவது மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெயை, அணைந்த அறைக்குள் ஊற்றிவிடும்.

தேய்ப்பதைப் பற்றி: இந்த முனைகளில் மேற்பரப்பில்தான் வெள்ளிக் கலவை இருக்கிறது. உப்புத்தாள் கருமையோடு சேர்த்து அதையும் எடுத்துவிடும். அதன் துகள்களும் முனையில் பதியும். தேய்த்த அன்று நன்றாக ஓடும், பின்னர் முன்னிலும் விரைவாகக் கருகும். மேலும், இது ஒரு கதவு மணியின் ரிலே அன்று. தீயைக் காவல் காக்கும் கருவி. உள்ளே கை வைத்த பின் அது தன் நேரத்தில் பூட்டு போடும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இத்தகைய பெட்டிகளை உள்ளே பழுதுபார்க்காமல் முழுதாக மாற்றுவதே தொழில் நடைமுறை. ஒரு இரவைத் தள்ள வேண்டுமானால் மின் ஹீட்டர் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும்.

புகைக்கூண்டு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நேரடி இணைப்பு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

இளவேனில் எழுதியது:

இழையின் நடுவில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. எங்கள் வீட்டிலும் 45 நொடியில் பூட்டு விழுகிறது, ஆனால் வேறு வகையில்: மோட்டார் ஓடுகிறது, தீ பற்றுகிறது, நன்றாக எரிகிறது, பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது. இதுவும் ரிலே பழுதுதானா?

கம்பிவழி எழுதியது:

அநேகமாக இல்லை, இளவேனில். தீ நன்றாக எரிந்தும் பூட்டு விழுகிறது என்றால், பெட்டிக்குத் தீ தெரியவில்லை என்றே பொருள். முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, பர்னரின் டிரான்ஸ்ஃபார்மர் தட்டைத் திறந்து கேட் செல்லை உருவி எடுத்து, அதன் கண்ணாடி முகத்தில் கரி படிந்திருந்தால் மென்துணியால் துடையுங்கள். அது தீயை நேராகப் பார்க்கும்படி அமர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், பெட்டியா செல்லா என்று பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. மின்சாரத்தை அணைத்து எஃப்–எஃப் முனைகளிலிருந்து செல்லின் இரு கம்பிகளையும் கழற்றுங்கள். சுமார் 1000 ஓம் மின்தடை ஒன்றின் இரு முனைகளிலும் கவ்விக் கம்பிகளை மாட்டிக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை விட்டு, பர்னர் தொடங்கித் தீ பற்றியதைக் கண்ணால் உறுதி செய்துகொண்டு, 45 நொடி முடிவதற்குள் அந்த மின்தடையை எஃப்–எஃப் முனைகளின் குறுக்கே மாட்டுங்கள். பர்னர் தொடர்ந்து ஓடினால் பெட்டி நலம். குறை செல்லில் அல்லது அதன் கம்பியில். மின்தடை மாட்டியும் பூட்டு விழுந்தால் பெட்டிதான் பழுது. தொடங்குவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டாம். ஏற்கெனவே தீ இருப்பதாக எண்ணிப் பெட்டி தொடங்கவே மறுக்கும். சோதனை முடிந்ததும் மின்தடையை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். அது அங்கேயே தங்கினால் பெட்டி பொய்த் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செல்லையே அளப்பதானால், தீ எரியும்போது 300 முதல் 1000 ஓம் வரை இருப்பது நல்ல அறிகுறி. 1600 ஓமைத் தாண்டினால் செல்லோ தீயோ சரியில்லை. புதுச் செல்லும் அதே அளவைக் காட்டினால் நாசில், காற்று, பம்ப் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மங்கலான தீயை எந்தச் செல்லாலும் பிரகாசமாகக் காட்ட முடியாது.

வடதிசை எழுதியது:

மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு பளபளப்பாகவே இருந்தது. ஆயினும் வெட்டிப் புதிதாக முறுக்கி, பெட்டியின் சொந்தக் கம்பியிலேயே முனைகளைக் குத்தி அளந்தேன். அதே 6 வோல்ட், அதே அலைச்சல். பெட்டி பழுது என்பதில் இனி ஐயமில்லை. பழைய முறையிலான பேட்டரி தெர்மோஸ்டாட்டைச் சுவரில் மாட்டியதும் அந்த ‘டிர்ர்’ ஒலி முற்றிலும் நின்றது. டி–டி முனைகளில் மீண்டும் முழு 26 வோல்ட் வருகிறது. கம்பிவழி அவர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

புதுப் பெட்டி வந்துவிட்டது. மின்னணு வகை, சிறு விளக்குடன். அதில் கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு தவிர நீலமும் ஊதாவும் இருக்கின்றன. எனக்கு இருப்பதோ மூன்றே கம்பிகள். வைஃபை தெர்மோஸ்டாட்டை மீண்டும் மாட்டுவதற்கு வழி இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கம்பிவழி எழுதியது:

வழி இருக்கிறது. தனியாக ஒரு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும், 24 வோல்ட் சுருளுள்ள ஓர் இடைநிலை ரிலேயும் வேண்டும். தெர்மோஸ்டாட் அந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் பெற்று இடைநிலை ரிலேயை இயக்கும். அந்த ரிலேயின் காண்டாக்ட் மட்டும் பர்னர் பெட்டியின் டி–டி முனைகளை மூடும். இரு பக்கத்து மின்சாரமும் ஒன்றையொன்று தொடாது. ஆனால் சுவருக்கும் ஃபர்னஸுக்கும் இடையே குறைந்தது மூன்று கம்பிகள் தேவை. ஆகவே புதுக் கேபிள் இழுக்கும் வரை பேட்டரி தெர்மோஸ்டாட்டே இருக்கட்டும்.

பழையபட்டறை எழுதியது:

நிறத்தைப் பார்த்து இணைக்காதீர்கள். பெட்டியோடு வந்த வரைபடத்தைப் பார்த்து இணையுங்கள். பெரும்பாலான புதுப் பெட்டிகளில் ஆரஞ்சு மோட்டாருக்கு, நீலம் பற்றவைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு, ஊதா எண்ணெய் வால்வுக்கு. ஆயினும் சில பெட்டிகள் லிமிட் வழியாக வரும் கம்பியைத் தனியாகவும், எப்போதும் உயிரோடிருக்கும் கம்பியைத் தனியாகவும் கேட்கும். அங்கே பழைய பழக்கத்தில் இணைத்தால் லிமிட் சுவிட்ச்சுக்குக் கட்டுப்படாத பர்னர் ஒன்று கிடைக்கும். பழைய பெட்டியில் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே ஆரஞ்சில் இருந்தன. அவற்றைப் பிரித்து, டிரான்ஸ்ஃபார்மரின் கம்பியை நீலத்தோடு சேர்த்தால் தீ நிலைத்த பிறகு பொறி நின்றுவிடும், எலக்ட்ரோடுகளும் நீடித்து உழைக்கும். உங்கள் பம்ப்பில் மின்வால்வு இல்லையென்றால் ஊதாக் கம்பிக்கு வேலை இல்லை. அதை அறுத்துவிடாமல், தனி மூடி போட்டு மடித்து வைத்துவிடுங்கள். பர்னர் ஓடும்போது அதில் 120 வோல்ட் இருக்கும்.

இணைத்து முடித்ததும் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் பெட்டியை மூட வேண்டாம். மின்சாரத்தை அணைத்து, கேட் செல்லின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். தீ எரிந்தாலும் பெட்டி தன் முகப்பில் குறித்த நேரத்துக்குள் பூட்டு போட்டாக வேண்டும். புதுப் பெட்டிகளில் பலவற்றுக்கு அந்த நேரம் 15 நொடிதான். பிறகு கம்பியை மாட்டி மீண்டும் ஓடவிட்டு, லிமிட் சுவிட்ச்சின் வழி துண்டிக்கப்பட்டால் பர்னர் நிற்கிறதா என்று பாருங்கள்.

வடதிசை எழுதியது:

மாட்டியாயிற்று. கறுப்பு–ஆரஞ்சு இடையே ஓடும்போது இப்போது பூஜ்யத்துக்கு மேல் ஒரு புள்ளிகூடக் காட்டவில்லை. செல்லின் கம்பியைக் கழற்றியபோது 15 நொடியில் பூட்டு விழுந்தது. மாட்டியதும் விளக்கு நிலையாக எரிந்தது. லிமிட் வழியைத் துண்டித்தபோது பர்னர் அக்கணமே நின்றது. செல் தீயின் முன் 450 ஓம் காட்டுகிறது.

பழைய பெட்டியின் மூடியை ஆவலுக்காகத் திறந்து பார்த்தேன். அசையும் முனையில் மிளகின் பாதி அளவுக்கு ஒரு குழி. எதிர்முனையில் அதே இடத்தில் கரிய மேடு. சுற்றியுள்ள பழுப்பு நிறப் பலகையில் புகை படிந்த வளையம். மற்றபடி உள்ளே அனைத்தும் புதிதுபோல் இருந்தன.

ஒன்றே ஒன்று மீதி: பேட்டரி தெர்மோஸ்டாட்டில் பழைய பெட்டிக்காக வைத்த அமைப்பு எதையாவது மாற்ற வேண்டுமா?

பழையபட்டறை எழுதியது:

சிறு நெம்புகோலுடன் ஆன்டிசிபேட்டர் (பர்னரைச் சற்று முன்னதாகவே நிறுத்தச் செய்யும் சிறு ஹீட்டர்) உள்ள பழைய வகையாக இருந்தால், புதுப் பெட்டியின் டி–டி மின்னோட்டம் எவ்வளவு என்று அதன் முகப்பில் பார்த்து, நெம்புகோலை அந்த அளவுக்கு நகர்த்துங்கள். மின்னணுப் பெட்டிகள் பழையவற்றைவிடக் குறைவாக எடுப்பதால் இது பெரும்பாலும் மாறும். எண்திரை வகையாக இருந்தால் மணிக்கு எத்தனை சுற்று என்ற அமைப்பில் எண்ணெய் ஃபர்னஸுக்கு உரியதைத் தேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல தெர்மோஸ்டாட்டுகளில் அது 5. நீங்கள் எலக்ட்ரோடையும் நாசிலையும் தொடவில்லை, ஆகவே எரிதலை மறுபடி அளவிட வேண்டிய தேவை இப்போது இல்லை; அடுத்த ஆண்டுப் பராமரிப்பில் பார்த்தால் போதும்.